செல்லுக்கு ஆயுசு கெட்டி என்றால் நமக்கும் நல்லதா?

டெலோமியர் என்ற பெயர் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரைக்கும் வந்துவிட்டது. டெலோமியர் நீளமாக இருப்பவருக்கு நூறு வயது நிச்சயம், இதைச் சாப்பிட்டால் உங்கள் டெலோமியரும் நீளும் என்று ஒரு மாத்திரை டப்பாவின் படத்தோடு செய்தி வருகிறது. திருநெல்வேலிப் பக்கம் இதற்கு நல்ல வரவேற்பு இருப்பதில் ஆச்சரியம் இல்லை. குடும்பத்தின் ஆயுளைச் சொல்லிப் பெருமைப்படுவது நமக்குப் பிடித்த பேச்சு. கல்யாண வீட்டில் ஒருவர், "எங்க ஆச்சி தொண்ணூத்தாறு வயசுலயும் ஒத்தையில பஸ் ஏறி குறுக்குத்துறை கோயிலுக்குப் போயிட்டு வருவா" என்று ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் தன் தாத்தாவை இழுத்துக்கொண்டு வருவார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வியும் வரும்: "அவங்க வீட்டுல அடுத்தடுத்து ரெண்டு பேருக்குப் புத்துநோயாமே, பரம்பரையா வருமோ?"

இந்த இரண்டு பேச்சும் டெலோமியரில் வந்து ஒன்றையொன்று தொடுகின்றன. ஆனால் அங்கே கிடைக்கும் பதில் மாத்திரை டப்பாவில் இருப்பது போல அவ்வளவு இனிப்பானது அல்ல. பிறவியிலேயே நீளமான டெலோமியர் வாய்த்தவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

முதலில் டெலோமியர் எது என்று பார்த்துவிடலாம். நம் உடம்பின் அநேகமாக எல்லாச் செல்களிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும், எழுத்துகள் என்று சொல்லப்படும் நாலு வகை வேதிப்பொருள்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீண்ட டி.என்.ஏ. இழை. இழை என்றால் இரண்டு முனை உண்டு, ஆக மொத்தம் 92 முனைகள். இந்த முனைகளில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து மட்டும் ஆயிரம் தடவைக்கும் மேல் திரும்பத் திரும்ப வருகிறது. அதுதான் டெலோமியர். புரதம் செய்யும் கட்டளை எதுவும் அதில் கிடையாது. முனையைக் காப்பதே அதன் வேலை. செல்லுக்குள் டி.என்.ஏ. எங்காவது அறுந்துபோனால் ஒட்டவைக்கும் ஏற்பாடு ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது. டெலோமியரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புரதங்களும் இல்லாவிட்டால், குரோமோசோமின் இயல்பான முனையையும் அறுந்த முனை என்று எண்ணி, அந்த ஏற்பாடு ஒரு குரோமோசோமை இன்னொன்றோடு ஒட்டிவிடும். அப்புறம் செல் பிரியும்போது இரண்டு பக்கமும் இழுபட்டுக் கண்ட இடத்தில் முறியும்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் டி.என்.ஏ. முழுவதும் நகலெடுக்கப்பட வேண்டும். நகலெடுக்கும் நொதியால் இழையின் கடைசித் துண்டை மட்டும் முழுதாக முடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 50 முதல் 100 எழுத்துகள் முனையில் குறைந்துகொண்டே வரும். பொருளில்லாத எழுத்துகள்தானே, போனால் போகிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் குறைவதற்கு எதுவும் மிஞ்சாது. அப்போது செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும், அல்லது தன்னையே அழித்துக்கொள்ளும். மனிதச் செல்களைக் குடுவையில் வளர்த்தால் சுமார் 50 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று லெனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் 1961இல் எழுதினார்கள். ஏன் நிற்கின்றன என்பது பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

விளங்கவைத்தது குளத்து நீரில் வாழும் ஓர் ஒற்றைச் செல் உயிரி, டெட்ராஹைமினா. அதன் குரோமோசோம் முனையில் ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வருவதை எலிசபெத் பிளாக்பர்ன், ஜோசப் கால் இருவரும் 1978இல் காட்டினார்கள். தேய்ந்த முனையை மறுபடி நீட்டும் நொதியின் தடயத்தை பிளாக்பர்னின் மாணவி கரோல் கிரெய்டர் 1984 கிறிஸ்துமஸ் அன்று ஆய்வுக்கூடத்தில் பார்த்தார். (பாளையங்கோட்டையில் அன்றைக்கு யாரையும் வேலைக்குக் கூப்பிட்டிருக்க முடியாது.) அந்த நொதிதான் டெலோமரேஸ். பிளாக்பர்ன், கிரெய்டர் இருவருக்கும் ஜாக் சோஸ்டாக்குக்கும் 2009ஆம் ஆண்டு மருத்துவ நோபல் கிடைத்தது. அதே வருடம்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வேதியியல் நோபல் வாங்கினார். நமக்கு அவர் பெயர் நினைவிருக்கும் அளவுக்கு இவர்கள் பெயர் நினைவில்லாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கருவிலும், விந்தணுவை உண்டாக்கும் செல்களிலும், புதுச் செல்களைத் தந்துகொண்டே இருக்கும் சில ஸ்டெம் செல்களிலும் டெலோமரேஸ் வேலை செய்கிறது. உடம்பின் மற்றச் செல்களில் பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. புற்றுக்கட்டிகளில் 85 முதல் 90 சதவீதம் இந்த நொதியை மறுபடி முடுக்கிவிட்டுக்கொண்டுதான் ஓயாமல் வளர்கின்றன.

சரி, இதில் பரம்பரைக்கு என்ன வேலை?

பிறக்கும்போதே எல்லோருக்கும் டெலோமியர் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. பச்சைக் குழந்தையின் வெள்ளணுக்களில் சராசரியாகப் பத்தாயிரம் எழுத்து அளவுக்கு இருக்கும். ஆனால் ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் இடையே பல நூறு, சில சமயம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் வித்தியாசம் உண்டு. பெரியவர்களுக்கு வெள்ளணுவில் வருடத்துக்குக் குறைவது இருபது, முப்பது எழுத்துகள்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், வாழ்ந்து தேய்ப்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைவிடப் பிறவியில் கொண்டுவரும் வித்தியாசம் பெரியது என்பது தெரியும். இளவயதில் நீளமாக இருந்தவருக்கு முதுமையிலும் தன் வயதுக்காரர்களைவிட நீளமாகவே இருக்கும். வரிசை அவ்வளவாக மாறுவதில்லை.

இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு மரபணுக்களிலிருந்து வருகிறது. டெலோமரேஸைச் செய்யும் மரபணு, அதற்கு அச்சாக இருக்கும் ஆர்.என்.ஏ.வின் மரபணு, முனையைப் பிடித்து நிற்கும் புரதங்களின் மரபணுக்கள் என்று பல இடங்களில் ஓரெழுத்து மாற்றங்கள் இருக்கின்றன. லட்சக்கணக்கானவர்களின் ரத்த மாதிரியையும் உடல்நலத் தகவலையும் சேர்த்துவைத்திருக்கும் பிரிட்டனின் யு.கே. பயோபேங்கில் 4,70,000 பேருக்கும் மேல் டெலோமியரை அளந்து 2021இல் வெளியான ஆய்வு, மரபணுத் தொகுதியில் 138 இடங்களைச் சுட்டியது. தனித்தனியாக ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு, சேர்ந்தால்தான் கணக்கில் வரும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: அப்பாவுக்கு வயது ஏற ஏற அவருடைய விந்தணுவின் டெலோமியர் நீளுகிறது, அதனால் வயதான தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்குச் சற்று நீளமான டெலோமியர் கிடைக்கிறது. கடைக்குட்டிகள் இதைப் படித்துவிட்டு அண்ணன்மாரிடம் பெருமையடிக்கும் முன் அடுத்த பத்தியையும் படித்துவிட வேண்டும்.

வயல் வரப்பில் முளையடித்துக் கட்டிய ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு ரொம்பக் குட்டையாக இருந்தால் ஆடு அரை வயிற்றோடு கிடக்கும். நீளமாக விட்டால் நன்றாக மேயும், பக்கத்து வயல் நெல்லிலும் வாய் வைக்கும். கட்டியிருப்பது ஒழுங்கான ஆடா, களவாணி ஆடா என்று கயிற்றுக்குத் தெரியாது.

டெலோமியரும் அப்படித்தான். புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு செல்லில் ஒரு மரபணு கெட்டுப்போகிறது. அந்தச் செல் பிரிந்து பிரிந்து கூட்டமாகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு செல்லில் இன்னொன்று கெடுகிறது. இப்படி நாலைந்து கேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். வழியில் டெலோமியர் தீர்ந்துவிட்டால் அந்தக் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். உடம்பு வைத்திருக்கும் இயற்கையான தடை அது. நீளமான டெலோமியரோடு பிறந்தவரின் செல்லுக்கு இன்னும் பல தடவை பிரிய இடம் இருக்கிறது, அடுத்த கேடு வந்து சேரும் வரை காத்திருக்கவும் அவகாசம் இருக்கிறது. நல்ல செல்லுக்குக் கிடைக்கும் அதே ஆயுள் கெட்டுப்போன செல்லுக்கும் கிடைக்கிறது.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்குச் சில குடும்பங்களே சாட்சி. டெலோமியர் முனையில் உட்கார்ந்து, டெலோமரேஸை அளவோடு வேலை செய்ய வைக்கும் பாட்-1 என்ற புரதம் ஒன்று உண்டு. அதன் மரபணு பழுதானால் டெலோமியர் அளவுக்கு மீறி நீளும். தலைமுறை தலைமுறையாக மெலனோமா என்ற தோல் புற்று வந்த சில குடும்பங்களில் இந்தப் பழுதுதான் காரணம் என்று 2014இல் தெரியவந்தது. 2023இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மேரி ஆர்மனியோஸ் குழு இப்படிப்பட்ட குடும்பங்களைக் கூர்ந்து பார்த்தது. சிலருக்கு வயதான பிறகும் தலை நரைக்கவில்லை. பார்க்க இளமையாக இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சாதாரணக் கட்டிகளும் புற்றுக்கட்டிகளும் அதிகம், ரத்தத்தில் பழுதான செல் கூட்டங்கள் பெருகுவதும் அதிகம். வாட்ஸ்அப் படம் ஆசை காட்டும் அந்த இளமை கைக்கு வந்தால் கூடவே என்ன வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

இவையெல்லாம் அபூர்வமான குடும்பங்கள். சாதாரண மனிதர்களிடம் காணும் சிறிய வித்தியாசத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்பதுதான் நெடுநாள் குழப்பமாக இருந்தது. ஆரம்பகால ஆய்வுகள் பலவற்றில் புற்றுநோயாளிகளின் டெலோமியர் குட்டையாகத் தெரிந்தது. அதை வைத்துத்தான் ‘குட்டை என்றால் ஆபத்து’ என்ற பேச்சு பரவியது. இதில் இரண்டு சிக்கல். பல ஆய்வுகளில் ரத்தம் எடுத்தது நோய் வந்த பிறகு, சில சமயம் கீமோதெரபி கொடுத்த பிறகு. நோயும் மருந்துமே டெலோமியரைக் குறைத்துவிடும். மற்றது, புகை பிடிப்பவருக்கு டெலோமியரும் குறைகிறது, புற்றுநோயும் வருகிறது. அப்படியானால் குட்டை டெலோமியர்தான் புற்றுநோயைக் கொண்டுவந்தது என்று எப்படிச் சொல்வது?

இதைத் தாண்ட ஆய்வாளர்கள் ஒரு நல்ல உபாயம் கண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒருவருக்கு அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி மரபணு வருகிறது. அவர்களிடம் உள்ள இரண்டிரண்டு பிரதிகளில் எது வரும் என்பது கருத்தரிக்கும்போதே தற்செயலாகத் தீர்ந்துவிடுகிறது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனுக்கு டெலோமியரை நீட்டும் எழுத்து வந்திருக்கும், தம்பிக்கு வந்திருக்காது. பிற்பாடு அண்ணன் பீடி குடித்தாலும், நோய் வந்தாலும், சிகிச்சை எடுத்தாலும் அந்த எழுத்து மாறப்போவதில்லை. அதனால் டெலோமியரையே அளக்காமல், அதை நீட்டும் மரபெழுத்துகள் யாரிடம் அதிகம் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து, எந்தப் பக்கத்தில் எந்த நோய் கூடுதல் என்று எண்ணினால் போதும். மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் பெயரால் வழங்கும் முறை இது: மெண்டலியன் ராண்டமைசேஷன்.

2017இல் இந்த முறையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவர்களையும் உள்ளடக்கிய பெரிய தொகுப்பாய்வு வெளியானது. நூறு பேரை, டெலோமியர் மிக நீளமானவர் முன்னால் வரும்படி வரிசையாக நிறுத்துங்கள். நடுவில் நிற்பவரை, முன்னாலிருந்து பதினாறாவதாக நிற்பவரோடு ஒப்பிடுங்கள். அந்த ஒரு படி மரபு வித்தியாசத்துக்கு மூளையில் வரும் கிளையோமா வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. நுரையீரலில் வரும் அடினோகார்சினோமா 3 மடங்கு. மெலனோமா 2 மடங்குக்குச் சற்றுக் குறைவு. சிறுநீர்ப்பை, சிறுநீரகப் புற்றுகளும் இந்தப் பட்டியலில் உண்டு. மார்பகம், குடல் போன்ற பரவலான வகைகளில் தொடர்பு மிகச் சிறியது, அல்லது தெளிவாக இல்லை. அபூர்வமான புற்றுகளிலும், ஸ்டெம் செல்கள் மெதுவாகப் பிரியும் உறுப்புகளிலும்தான் தொடர்பு வலுவாகத் தெரிந்தது.

ஐந்து மடங்கு என்றதும் பதறிவிடக் கூடாது. கிளையோமா வருவதே ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு ஒற்றை இலக்கத்தில்தான். அதை ஐந்தால் பெருக்கினாலும் சின்ன எண்தான். மெலனோமா நம் தோல் நிறக்காரர்களுக்கு வெள்ளையர்களைவிட வெகு குறைவு. தவிர, அந்தத் தொகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். திசை நமக்கும் அதேதான் என்று எடுத்துக்கொள்ளலாம். மடங்குக் கணக்கை அப்படியே நம் ஊருக்குத் தூக்கிவந்து ஒட்டக் கூடாது.

அதே ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. நீளமான டெலோமியர் வாய்த்தவர்களுக்கு மாரடைப்பைக் கொண்டுவரும் இதயத் தமனி நோய் 22 சதவீதம் குறைவு. நுரையீரல் திசு தடித்து இறுகிப்போகும் நோய்கள் மிக மிகக் குறைவு. நெஞ்சுவலி இல்லாத தெருவே இல்லை என்ற நிலையில் இருக்கும் நமக்கு இது லேசான லாபம் அல்ல. ஆக, நீளம் ஒரு பக்கம் கொடுக்கிறது, ஒரு பக்கம் எடுக்கிறது. எது நல்லது என்று கேட்டால், எந்த நோயைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

டெலோமியர் நீளம் ஆயுளை நிர்ணயிக்கும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு ஆய்வுக்கூட எலியைக் காட்டலாம். அதன் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். வாழ்வதோ இரண்டு, மூன்று வருடம். அதற்குள் புற்றுநோயும் வந்துவிடுகிறது.

அப்படியானால் குட்டையாக இருப்பது பாதுகாப்பா? ஓரளவு குட்டை என்றால் மேலே சொன்ன சில புற்றுகள் குறைவு. ரொம்பக் குட்டை என்றால் கதை வேறு. டெலோமரேஸ் மரபணு பழுதான சிலருக்குப் பிறவியிலேயே மிகக் குட்டையான டெலோமியர் இருக்கும். எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறவைப்பதை நிறுத்திவிடும், நுரையீரல் இறுகும், கல்லீரல் கெடும், முப்பது வயதுக்கு முன்பே தலை நரைக்கும். (இளநரை உள்ள எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. நம் ஊரில் பாதிப் பேருக்கு மாமா வழியில் வந்த இளநரைதான்.) இவர்களுக்கும் வாய், தொண்டைப் புற்றும் சில ரத்தப் புற்றுகளும் அதிகம் வருகின்றன. நோய் எதிர்ப்புச் செல்கள் பெருக முடியாமல் ஓய்ந்துபோவது வாய், தொண்டைப் புற்றுக்கு முக்கியக் காரணம் என்று தெரிகிறது. களவாணிச் செல்லைப் பிடிக்க ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

இனி நம் ஊர்க் கணக்கு. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர்கள் உண்டு. சுற்றிய பீடியைக் குடித்தவர்களும் உண்டு, புகையிலையை வெற்றிலையோடு சேர்த்து மென்றவர்களும் உண்டு. புகையிலை தரும் ஆபத்துக்கு முன்னால் மேலே சொன்ன மரபெழுத்துகள் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. நுரையீரலில் டெலோமியர் நீளத்தோடு வலுவாகச் சேர்வது அடினோகார்சினோமா. புகையே பிடிக்காத ஆசியப் பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்று பெரும்பாலும் இந்த வகை, டெலோமரேஸ் மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் அவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. புகையோடு நெருங்கிய உறவுள்ள ஸ்குவாமஸ் வகையில் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. "அவ பீடியைத் தொட்டதே இல்லையே, அவளுக்கு எப்படி?" என்று கேட்கும் குடும்பத்துக்குச் சொல்ல இதில் கொஞ்சமாவது பதில் இருக்கிறது. "எங்க தாத்தா பீடி குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தாரு" என்கிறவருக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் நீள டெலோமியர் இரட்டிப்பாகிவிடாது. அது சிறு சிறு மாற்றங்கள் பல சேர்ந்து வருவது. ஆனால் குட்டை டெலோமியர் நோய்களில் சில, அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். ஒரே பாட்டனார் வழி வந்த இருவர் கட்டும்போது அந்த இரண்டும் ஒன்றாகச் சேரும் வாய்ப்பு கூடும்.

டெலோமியர் பரிசோதனை என்று விற்கப்படுவதைப் பற்றி என் அபிப்பிராயம் சுருக்கமானது: புற்றுநோய் பயத்துக்காக அதில் காசு போட வேண்டாம். ரத்தத்தில் அளப்பது வெள்ளணுவின் சராசரியை. அதை வைத்து மூளையிலோ நுரையீரலிலோ உங்களுக்கு என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலிவான முறைகளில் ஒரே ரத்தத்தை மறுபடி அளந்தாலே விடை மாறும். டெலோமியரை நீட்டும் மாத்திரை உண்மையிலேயே நீட்டினால், யாருடைய கயிற்றை நீட்டுகிறோம் என்ற கேள்வி வருகிறது. நீட்டாவிட்டால் காசு போனதோடு சரி.

பரிசோதனை உண்மையாகவே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை செயலிழப்பு, இன்னொருவருக்குக் காரணம் தெரியாத நுரையீரல் இறுக்கம், வேறொருவருக்குச் சிறு வயதிலேயே கல்லீரல் கேடு என்று வந்திருந்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியானாலும் வேறு எங்கேயானாலும் டாக்டரிடம் மூன்று தலைமுறைக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். சித்தப்பாவுக்கு வந்தது நமக்கு எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. அப்போது வெள்ளணு வகைகளைப் பிரித்துத் துல்லியமாக அளக்கும் முறையும் மரபணுப் பரிசோதனையும் உண்டு. மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று வந்தால் வழக்கமாக உடன்பிறந்தவரிடம்தான் முதலில் மஜ்ஜை கேட்பார்கள். வெளியே நல்ல ஆரோக்கியமாகத் தெரியும் அந்த அண்ணனுக்கோ தங்கைக்கோ அதே பழுது மறைந்திருக்கலாம். குட்டை டெலோமியர் நோய் என்று சந்தேகம் இருந்தால், தானம் கொடுப்பவரையும் சோதித்துவிட்டுத்தான் மஜ்ஜை எடுக்க வேண்டும். மாற்று சிகிச்சைக்கு முன்னால் கொடுக்கும் கடும் மருந்துகளை இந்த நோயாளிகளின் நுரையீரலும் கல்லீரலும் மற்றவர்களைப் போலத் தாங்காது, அதனால் மருந்தின் அளவையும் குறைத்துத் திட்டமிடுவார்கள்.